கூத்தையா காத்த இடம்

எங்கள் ஊர்க் கடற்கரைக்கு நீங்கள் காரில் வந்திருந்தால், கூத்தையா அண்ணனிடம் ஒரு தடவையாவது திட்டு வாங்கியிருப்பீர்கள். காக்கிச் சட்டை, கழுத்தில் விசில், தலையில் சிவப்புத் துண்டு. பார்க்கிங்கில் கிழக்கு மூலையில் ஒரு கார் நிற்கிற அளவுக்கு இடம் எப்போதும் காலியாகவே கிடக்கும். ஆடி அமாவாசைக்கு ரோடு வரைக்கும் வண்டிகள் நின்றாலும் அந்த இடத்தில் ஒரு சைக்கிளைக்கூட விடமாட்டார். “அங்கன நிறுத்தாத, எடு எடு” என்று விசிலை ஊதிக்கொண்டே ஓடி வருவார். ராமேஸ்வரம் போகிற வழியில் எட்டிப் பார்க்க வரும் மதுரைக்காரர்கள், கோயம்புத்தூர்க்காரர்கள், வடநாட்டுக்காரர்கள் எல்லோரும் அவரோடு மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். கிறுக்கன் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் உண்டு. அப்படிச் சொன்னது என் காதில் விழுந்தால் அந்த ஆளுக்கு என் கடையில் டீ கிடையாது. நான் முருகலட்சுமி. பார்க்கிங்குக்கு எதிரே தகரம் போட்ட டீக்கடை என்னுடையது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதை ஊரே சொல்லும்.

அந்தக் காலி இடத்துக்கு அடியில் அவர் மகள் அமுதவள்ளி இருக்கிறாள். கதையைக் கடைசிவரை இழுத்து உங்களைத் தவிக்க விடுவதற்கு எனக்கு மனசில்லை. அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

எங்கள் ஊரான கோரைமுனைக்கு மேற்கே கண்மாயும் வயலும், கிழக்கே மணலும் கடலும். கடலுக்குப் பக்கத்தில் இருந்தாலும் நாங்கள் வலை வீசுகிற சனம் இல்லை, நெல்லை நம்பிக் கிடக்கிற சனம். அமுதவள்ளி பிறந்த காலத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து ஊருக்குள் வர வெறும் மணல்தடம்தான். ரோடு போடச் சொல்லிக் கேட்டால் ஊராட்சியில் அவ்வளவு நிதி இல்லை என்பார்கள். நர்சம்மா எப்போதாவது வந்து போவார். பிள்ளைக்கு அஞ்சு வயசு முடிகிற நேரத்தில் காய்ச்சல் கண்டது. முதலில் கைவைத்தியம் பார்த்தோம். அப்புறம் வலிப்பு வந்துவிட்டது. 108-க்குப் போன் போட்டோம். வந்த வண்டி மணலில் புதைந்து நின்றுபோனது. கூத்தையா அண்ணன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த மணலில் ஓடினார். பின்னாலேயே அவர் பெண்சாதி சோணையம்மாள், அவளுக்குப் பின்னால் நான். போய்ச் சேர்ந்தபோது வண்டியில் வந்த நர்சு, பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்தாள். அதற்கப்புறம் எங்கள் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

பெரியவர்களை எரிக்கிற சுடுகாடு கண்மாய்க்கரையில் இருக்கிறது. பிள்ளைகளை அங்கே கொண்டுபோவது எங்கள் வழக்கம் இல்லை. கடலோரப் பொட்டலில் ஒற்றை உடைமரம் ஒன்று நின்றது, அதைச் சுற்றித்தான் ஊரில் செத்த பிள்ளைகளைப் புதைப்போம். பிள்ளைகளுக்குக் கல் நடமாட்டோம், பெயர் எழுதமாட்டோம். நாய் தோண்டாமல் இருக்க ஒரு முள்ளை வெட்டிப் போடுவதோடு சரி. முள்ளும் காற்றில் போய்விடும், மணலும் சமமாகிவிடும். மரத்துக்கு எந்தப் பக்கம், எத்தனை எட்டு என்பது பெற்றவளுக்கு மட்டும்தான் தெரியும். சோணையம்மாள் வருஷம் தவறாமல் மாசி மாதம் அந்த நாளில் ஒரு செம்பு பாலும் தேன்மிட்டாயும் கொண்டுபோவாள். பாலை ஊற்றியதும் மணல் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். “குடிச்சிட்டா முருகு” என்பாள் என்னைப் பார்த்து. அதில் அவளுக்கு ஒரு திருப்தி.

அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கூத்தையா அண்ணனுக்கு ஒரே எண்ணம்தான் இருந்தது. இந்த ஊர் பெரிய ஊராக வேண்டும். பெரிய ஊராக இருந்திருந்தால் ரோடு இருந்திருக்கும், ரோடு இருந்திருந்தால் வண்டி வந்திருக்கும், வண்டி வந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும். அதையே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு அலைந்தார். வார்டு மெம்பருக்கு நின்று ஜெயித்தார். பார்க்கிற அதிகாரியிடமெல்லாம் மனு கொடுத்தார். ஒருநாள் காரங்காடு போய் அங்கே படகில் சனம் ஏறி அலையாத்திக் காட்டைச் சுற்றிப் பார்க்கிறதை வேடிக்கை பார்த்துவிட்டு வந்தார். வந்ததிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை.

“நம்ம கடற்கரைக்கு என்னாத்தா கொறச்சல்? நாலு பேரு வந்துட்டா ரோடு தானா வரும். டூரிஸ்ட்டு வார ஊருன்னா கெவுர்மெண்டு பாக்காம இருக்க முடியாதுல்ல” என்றார்.

யாரோ ஒரு ஆபீசர் அவரிடம் சொன்னாராம்: கிராம ஊராட்சி என்றால் இவ்வளவு பெரிய வேலைக்குத் திட்டம் எழுதுவது கஷ்டம், பக்கத்துக் குக்கிராமங்களையும் சேர்த்துப் பேரூராட்சி ஆனால் கேட்கலாம் என்று. அவ்வளவுதான், மனுஷர் அதையே பிடித்துக்கொண்டார்.

கிராம சபையில் அந்தப் பேச்சு வந்தபோது நான் எழுந்து சத்தம் போட்டேன். பேரூராட்சி ஆனால் நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி ஏறும், இந்த மாதிரி மரத்தடியில் உட்கார்ந்து கேள்வி கேட்கிற கிராம சபையே இருக்காது என்று எனக்குத் தெரியும். “உனக்கென்னண்ணே, மெம்பரு. கஞ்சிக்கு நாங்க எங்கிட்டுப் போறது?” என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஏத்தா முருகு, அன்னைக்கு நீயும்தான எம்பின்னாடி ஓடியாந்த?”

நான் உட்கார்ந்துவிட்டேன்.  கையைத் தூக்குங்கள் என்றார்கள். தூக்கினோம். நானும் தூக்கினேன். சோணையம்மாள்தான் முதலில் தூக்கினாள்.

கோரைமுனை பேரூராட்சி என்று பச்சைப் பலகை வந்தது. கொஞ்ச காலத்தில் கடற்கரை மேம்பாட்டுக்கு இடம் பார்க்க ஆட்களும் வந்துவிட்டார்கள். வந்த நேரம் பாருங்கள், ஊரில் முளைப்பாரித் திருவிழா. அம்மனுக்குக் காப்புக் கட்டி, வீட்டுக்கு வீடு முளை போட்டிருக்கிறோம். முளை வளர்கிற அந்த நாட்களில் சாவு, சுடுகாடு, குழி என்கிற பேச்சு எவர் வாயிலும் வராது. வந்தால் முளை கருகிப்போகும், ஊருக்கு ஆகாது. காப்புக் கட்டினவர் அந்த மாதிரி இடத்துப் பக்கம் தலை வைத்தும் படுக்கமாட்டார். வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கூத்தையா அண்ணன் கையில் மஞ்சள் காப்பு. வந்தவர்களில் தொப்பி போட்ட ஒரு இன்ஜினியர் பையன் என் கடையில் டீ குடித்துக்கொண்டே உடைமரத்தைக் காட்டிக் கேட்டான். நல்ல பிள்ளைதான், மரியாதையாகத்தான் கேட்டான்.

“அந்த மரத்துக்கிட்ட என்ன இருக்கு, ஐயா? சாமி, கோயில், வேற எதுவும்?”

அண்ணன் மரத்தைப் பார்த்தார். கையில் இருந்த காப்பைப் பார்த்தார். “ஒண்ணுமில்ல சார். வெறும் பொட்டல்.”

“வாங்க, போய்ப் பாத்துரலாம்.”

“நீங்க போயிட்டு வாங்க சார். நா இங்கன இருக்கேன்.”

கடையில் நாலைந்து பேர் இருந்தோம். பிள்ளையைப் புதைத்தவர்கள் அதில் இன்னும் இரண்டு பேர். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. என் வீட்டிலும் முளை இருந்தது. திருவிழா முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று எல்லோருக்கும் நினைப்பு. அந்தப் பையன் தனியாகப் போய் அளந்துவிட்டு வந்தான்.

முளைப்பாரியைக் கரைத்து, காப்பை அவிழ்த்த கையோடு அண்ணன் ஆபீசுக்குப் போனார். உள்ளே போய், இப்போது இடத்தை மாற்றச் சொன்னால் என்ன ஆகும் என்று பொதுவாகக் கேட்டிருக்கிறார். அப்படியானால் எல்லாம் முதலில் இருந்துதான், அதற்குள் நிதி வேறு ஊருக்குப் போனாலும் போய்விடும் என்றார்களாம். ரோடும் அதே திட்டத்தில்தான் இருந்தது. மனுஷர் எழுந்து வந்துவிட்டார். நேராக என் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

“மேலதானத்தா கல்லு பதிக்கப் போறான். தோண்டவா போறான்?” என்றார்.

நான் டீயை ஆற்றி அவர் முன்னால் வைத்தேன். அவர் என்னிடம் அதைக் கேட்கவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டார்.

இதற்குள் நூறு நாள் வேலை நின்றுவிட்டது. கையில் காசு புரளவில்லை. சோணையம்மாள் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் அவள் அண்ணன் ஊருக்கு அறுப்புக்குப் போனவள், அப்புறம் கிடைத்த வேலைக்கெல்லாம் அங்கேயே தங்கிவிட்டாள். அவளுக்கு எதுவும் தெரியாது. அவள் அங்கே நெல் அறுத்துக்கொண்டிருந்தபோதுதான் இங்கே மண் தள்ளுகிற மிஷின் வந்தது.

அன்றைக்கு அண்ணன் வயலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். யாரோ சொல்லி, சேறும் காலுமாக ஓடி வந்தார். உடைமரம் அதற்குள் லாரியில் ஏறிவிட்டது. பொட்டல் முழுவதையும் இழுத்து மட்டமாக்கி, மேலே கிராவல் மண்ணைக் கொட்டியிருந்தார்கள். மரம் நின்ற தடம்கூட இல்லை. அவர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். மிஷின் டிரைவரிடம் போய்க் கையைக் கூப்பிக்கொண்டு, “மரம் எங்கன நின்னுச்சு தம்பி?” என்று கேட்டார். அவன் பாவம், நாள் முழுக்க எத்தனையோ மரத்தைப் பிடுங்கியவன். “அந்தா அங்கிட்டுதாண்ணே” என்று கையைக் காட்டினான். அண்ணன் அங்கே போய் நின்றுகொண்டார். சாயங்காலம் வரைக்கும் நின்றார்.

அடுத்து வந்த மாசியில் சோணையம்மாள் பால் செம்போடு வந்து இறங்கினாள். ரோடு வந்துவிட்டதால் பஸ் ஊருக்குள்ளேயே வந்தது. கடற்கரையில் சிவப்பும் சாம்பலுமாகச் சிமெண்டுக் கல் பதித்துக் கிடக்க, மேலே கார்கள் நின்றன. அவள் செம்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு என் கடைக்கு வந்து, “மரம் எங்க முருகு?” என்றாள். நான் அடுப்பைப் பார்த்தேன். அண்ணன் வந்து எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார். காப்புக் கட்டியிருந்ததையும் சொன்னார்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

“சாமிக்குப் பயந்து சொல்லல. சரி. காப்ப அவுத்த பெறகு யாருக்குப் பயந்தீங்க?”

 அவள் வந்த பஸ் திரும்பி நின்றது. ஏறிப் போய்விட்டாள். அதோடு தன் கூடப்பிறந்த அண்ணன் வீட்டிலேயே இருந்துவிட்டாள், இவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பொய் சொல்லக் கூடாது. ஊர் நன்றாகத்தான் ஆயிற்று. ஊர்ப் பெயரை ஆள் உயரத்துக்கு எழுத்து எழுத்தாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சனம் போட்டோ எடுக்கிறது. என் கடையில் உட்கார இடமில்லை. என் மகள் நாகஜோதிக்கு இடுப்புவலி வந்தபோது 108 வண்டி வாசலிலேயே வந்து நின்றது. நான் பதறிப்போய் ஏறுகிறேன், கூத்தையா அண்ணன் அந்த வண்டியின் டயரையே பார்த்துக்கொண்டு நின்றார். “எம்புட்டு லேசா வந்துருச்சு பாரு முருகு” என்றார். பேரன் பிறந்த சந்தோஷத்திலும் அந்த வார்த்தை எனக்கு நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது, இன்றைக்கும் குத்துகிறது.

பழைய ஊராட்சி கலைந்ததில் மெம்பர் பதவியும் அவருக்குப் போய்விட்டது. பார்க்கிங் ஏலம் எடுத்தவரிடம் போய், சம்பளம் எவ்வளவு கொடுத்தாலும் சரி என்று விசிலை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அந்த மிஷின் டிரைவர் கை காட்டிய இடத்தை அன்றிலிருந்து காலியாக வைத்தார். அந்த இடத்தில் மட்டுமாவது கல்லை எடுத்துவிட்டு மணலாக விடுங்கள் என்று கேட்க நானே ஒரு தடவை ஆபீசுக்குப் போனேன். எழுதிக் கொடுங்கம்மா, பார்க்கலாம் என்றார்கள். முன்பென்றால் கிராம சபையில் நாலு பேர் முன்னால் கத்தியிருப்பேன். இப்போது கத்துவதற்கு எனக்கு என் கடைதான் இருக்கிறது.

வெயிலில் நின்று நின்று மனுஷர் கறுத்துச் சுருங்கிப்போனார். மழைக்கும் நகரமாட்டார். பார்க்கச் சகிக்காமல் நான்தான் சோணையம்மாளுக்குப் போன் போட்டேன்.

“மதினி, ஒங்களுக்குக் கோவம் இருக்கட்டும். வேணாங்கல. ஆனா ஒரு தடவ வந்து பாருங்க. புள்ள மேல ஒரு டயரு ஏற விடல அந்த மனுசன்.”

 “மாசியில வாரேன்” என்றாள்.

இந்த மாசியில் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நல்ல கூட்டம். கையில் அதே செம்பு, முந்தானையில் தேன்மிட்டாய். தலை நரைத்திருந்தது. அண்ணன் அவளைத் தூரத்திலேயே பார்த்துவிட்டுத் தலைத் துண்டை அவிழ்த்தார். கார்களுக்கு நடுவே முன்னால் நடந்து போய், அந்தக் காலி இடத்துக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. சேர்ந்துவிடுவார்கள் என்றே நினைத்தேன். கடையை விட்டுவிட்டு நானும் போய் நின்றேன்.

“இங்கனதான் சோணம்மா” என்றார்.

அவள் குனிந்து கல்லைத் தொட்டுப் பார்த்தாள். கல் சுட்டிருக்க வேண்டும், ஆனால் கையை எடுக்கவில்லை. அப்புறம் நிமிர்ந்து கடலைப் பார்த்தாள், கோயில் பக்கம் பார்த்தாள், திரும்பவும் கடலைப் பார்த்தாள்.

“மரம் எங்க நின்னுச்சு?”

“இந்தா, இங்கன.”

“மரத்தடியில நின்னா கோயிலு வேப்பமரம் நேரா தெரியும். இங்கனருந்து தெரியலையே.”

அண்ணன் கோயில் பக்கம் திரும்பினார். புதிதாகக் கட்டின கழிப்பறை மறைத்தது. அதுதான் மறைக்கிறது என்று அவர் சொல்லியிருக்கலாம். எனக்குக்கூடச் சொல்லத் தோன்றியது.

“இங்கனதான்னு ஒங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?” என்று கேட்டாள்.

அவர் கழுத்தில் கிடந்த விசிலைக் கையில் பிடித்துக்கொண்டார்.

“தெரியாது” என்றார். “மிசினுக்காரன் கையக் காட்டுனான். அவனுக்கும் தெரியல. எல்லாத்தையும் காக்க என்னால ஏலாதுல்ல. எங்கனயாச்சும் ஒரு எடத்தக் காக்கணும்ல சோணம்மா.”

ஐயோ, அவள் கத்தியிருக்கலாம். மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம், வாருவதற்கு அங்கே மண்ணும் இல்லை. அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அது இருந்தவரைக்கும் அவளுக்கு ஒரு பிடிமானம் இருந்திருக்கிறது. இப்போது அதுவும் போன மாதிரி நின்றாள்.

அப்புறம் செம்பைத் திறந்தாள். அந்தக் காலி இடத்தில் கொஞ்சம் ஊற்றினாள். பக்கத்துக் காருக்கும் அதற்கடுத்த காருக்கும் இடையில் புகுந்து அங்கே கொஞ்சம் ஊற்றினாள்.

“என்ன மதினி பண்றீங்க?”

“எல்லா எடத்துலயும் ஊத்திர்றேன் முருகு. எங்கனயாச்சும் குடிச்சுக்கிருவா.”

ஒரு செம்பு எம்மாத்திரம்? நாலு கார் தாண்டுவதற்குள் தீர்ந்துவிட்டது. வெறுஞ்செம்பைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கடைக்கு ஓடினேன். சாயங்கால வியாபாரத்துக்கு வாங்கி வைத்திருந்த பால் பாக்கெட்டுகளைக் கூடையோடு தூக்கிக்கொண்டு வந்தேன். பல்லால் கடித்துப் பிய்த்துப் பிய்த்து அவள் செம்பில் ஊற்றினேன். எனக்குக் கண் தெரியவில்லை, அழுகை அப்படி வந்தது. அவள் ஒவ்வொரு காரையும் சுற்றிச் சுற்றி ஊற்றிக்கொண்டே போனாள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு தேன்மிட்டாய் வைத்தாள். எவனோ ஒருத்தன் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தான். அவன் அதைப் பைக்குள் போடுகிற வரைக்கும் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

பால் உள்ளே இறங்கவே இல்லை. கல் மேலேயே நின்று, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்த கோடு வழியாக ஓடி, டயர்களுக்கு அடியில் போய்த் தேங்கியது. சோணையம்மாள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். “குடிக்க மாட்டேங்குறாளே முருகு” என்றாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு வேன் பார்க்கிங் வாசலில் வந்து ஹாரன் அடித்தது. அண்ணன் பழக்கத்தில் விசிலை வாயில் வைத்துக்கொண்டு கையைத் தூக்கினார். அந்தக் காலி இடத்தைப் பார்த்தார். பால் ஓடிக் கிடந்த மற்ற இடங்களைப் பார்த்தார். தூக்கிய கை அப்படியே நின்றது, விசிலை ஊதவும் இல்லை.

“எங்கண்ணே நிறுத்துறது?” என்று டிரைவர் தலையை நீட்டிக் கேட்டான்.

அண்ணனால் ஒரு இடத்தைக்கூடக் காட்ட முடியவில்லை. பின்னால் இன்னும் இரண்டு கார் வந்து நின்றுவிட்டது. டிரைவர் மறுபடியும் கேட்டான்.